பிழைப் பதிவேடும் ஆவணப் பெட்டகமும்



தாராசுரத்து ஐராவதேசுவரர் திருக்கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்தது. அதன் கருவறை அடித்தளத்தைச் சுற்றி வருவோர், நாயன்மார் வரலாறுகள் சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இன்ன சிற்பம் இன்னார் வரலாறு என்று அறிவிக்கும் சிறு குறிப்புகளும் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் அக்குறிப்புகளைப் படித்துக் காட்டுவது என் வழக்கம். ஒருமுறை ஒரு மாணவன், "கல்வெட்டுகிறவர் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டால் என்ன செய்வார், சார்?" என்று கேட்டான். அன்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். பணி ஓய்வு பெற்ற பின்னரே அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது.

எங்கள் ஊரில் எட்டுப் பேர் கூடி ஒரு சிறு பணி செய்து வருகிறோம். பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கும் குத்தகைக் கணக்குகளையும், பட்டுத் தறிக் கணக்குகளையும் உரியவர் இசைவுடன் நிழற்படம் எடுத்து, படித்துப் பார்த்து, கணினியில் எழுத்துப்படி செய்து வைப்பது அப்பணி. பணி தொடங்கிய சில திங்களில், இதற்கு ஏதேனும் ஒரு மென்பொருள் வேண்டும் என்னும் பேச்சு எழுந்தது. எழுந்தவுடனே குழு இரண்டாகப் பிரிந்தது.

சென்னையில் கணினிப் பொறியாளராக வேலை பார்க்கும் நெசவாளர் மகன் ஒருவர், பிழைகளைப் பதிவு செய்யும் மென்பொருளே வேண்டும் என்றார். அவர் தொழிலில் காலையில் எழுந்தவுடன் திறப்பதே அதுதானாம். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் காக்கும் மென்பொருளே வேண்டும் என்றார். "தம்பி, தாள் கையில் இருந்தால் பிழையை என்றைக்கு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்பது அவர் கட்சி. "ஐயா, பிழையை அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால் அது யாருக்கும் நினைவிராது" என்பது இவர் கட்சி. தலைமையாசிரியராக இருந்தவன் என்பதனால் தீர்ப்பை என்னிடம் விட்டார்கள். கணினி அறிவில் அவ்விருவரிலும் நானே குறைந்தவன் என்பதை அவர்கள் கருதவில்லை.

நிற்க. இவ்விரு மென்பொருள்களும் யாவை என்பதை முதலில் விளங்கச் சொல்லிவிடுகிறேன். கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, நம் அரசு அலுவலகங்களில் இவை இரண்டும் தாள் வடிவில் இருந்தன. டாட்டன்ஹாம் முறை என்று அலுவலர்கள் வழங்கும் அலுவலக நடைமுறையைச் சென்னை மாகாண காலத்திலிருந்தே நம் வருவாய்த்துறை பின்பற்றி வந்திருக்கிறது. அதன்படி ஒரு மனு அலுவலகத்திற்கு வந்தால் அதற்கு ஓர் எண் இடப்படும். அம்மனு எந்த எழுத்தரிடம் செல்கிறதோ, அவர் தம் தன்பதிவேட்டில் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். வந்த நாள், வந்த பொருள், யாருக்கு எழுதப்பட்டது, மறுமொழி வந்ததா, இறுதியாக என்ன ஆயிற்று என்பனவெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். முடியாத மனுவின் கட்டம் வெறுமையாகவே நிற்கும். மேலாளர் பதிவேட்டைப் புரட்டும்போது அந்த வெற்றுக் கட்டம் அவர் கண்ணில் படும். மனு முடிந்த பின்னர் கோப்பு பதிவறைக்குச் செல்லும். அங்கே ஓராண்டு வைக்கத்தக்கது, மூன்றாண்டு வைக்கத்தக்கது, பத்தாண்டு வைக்கத்தக்கது, என்றென்றும் வைக்கத்தக்கது என்று வகுத்து அடுக்குவார்கள்.

தன்பதிவேடு வேறு, பதிவறை வேறு என்பதைக் கவனியுங்கள். முன்னது முடியாதவற்றின் கணக்கு. பின்னது முடிந்தவற்றின் இருப்பு. பிழைப்பதிவு மென்பொருள் தன்பதிவேட்டின் பேரன். ஆவண மேலாண்மை மென்பொருள் பதிவறையின் பேரன். எங்கள் நண்பர் பதிவறையில் இருந்தவர் ஆதலால் பதிவறையைக் கேட்டார். அவர் தன்பதிவேடு எழுதும் இருக்கையில் இருந்திருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பார் என்பது என் எண்ணம்.

பிழைப்பதிவு மென்பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு உண்டு. எங்கே கண்டது, எப்படிக் கண்டது, என்ன இருந்தது, என்ன இருந்திருக்க வேண்டும் என்பவற்றைக் கண்டவர் எழுத வேண்டும். திருத்துவது யார் பொறுப்பு என்பதும் பெயரோடு இருக்கும். நிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் புதியது, ஒப்படைக்கப்பட்டது, திருத்தப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, மூடப்பட்டது எனப் படிப்படியாக மாறி வரும். மோசில்லா திட்டத்தார் 1998இல் வெளியிட்ட பக்சில்லா இவ்வகையில் பெயர் பெற்றது. அதன்பின் மாண்டிஸ், 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜிரா, 2006இல் ரெட்மைன் என்று பல வந்தன. இவற்றில் ஜிரா நீங்கலாக மற்றவை கட்டற்ற மென்பொருள்கள். விலை கொடுக்க வேண்டியதில்லை.

பிழைக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்று பெயர். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு என்னும் கணினியில் ஒரு விட்டில் பூச்சி சிக்கிக் கருவி பிசகியது. பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி, நேரமும் எழுதி வைத்தார்கள். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் அன்றுதான் பிறந்தது என்று பலர் சொல்வது சரியன்று. எடிசன் 1878லேயே தம் கருவிகளின் கோளாறுகளைப் பூச்சி என்று குறித்திருக்கிறார். நான் வியப்பது வேறொன்று. அந்த ஒரு பக்கத்தில் பிழையின் பதிவும், பிழைக்குச் சான்றான ஆவணமும் ஒன்றாகவே இருந்தன. ஒரு பூச்சிக்கு அது போதும். ஆயிரம் பூச்சிக்கு ஏடு தாங்காது.

நம்மவர் பிழைக்கு இட்ட பெயர் வழு என்பது. கணித்தமிழ் அன்பர்கள் இச்சொல்லை எடுத்தாண்டபோது எனக்கு மிக்க மகிழ்ச்சி உண்டாயிற்று. இலக்கண ஆசிரியர் வழுவை ஏழு வகையாகப் பகுத்தனர்; வழுவற்றதை வழாநிலை என்றனர்; வழுவாயினும் காரணம் பற்றி ஏற்கத்தக்கதை வழுவமைதி என்றனர். பிழைப்பதிவு மென்பொருளில் இம்மூன்றாவதற்கும் இடம் உண்டு. 'இது பிழையன்று', 'இது முன்னரே பதிவானது', 'இது பிழையே. ஆயினும் திருத்தப்போவதில்லை' என்றெல்லாம் காரணம் காட்டி ஒரு பதிவை மூடலாம். புதிதாக வருவோர் இவற்றைத் தட்டிக்கழிப்பாகக் கருதுவர். அப்படியன்று. திருத்தாமல் விட்டது ஏன் என்பது எழுத்தில் இருந்தால், அடுத்தவர் அதே வழுவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நேரத்தைப் போக்கமாட்டார்.

ஆவண மேலாண்மை மென்பொருளின் இயல்பு இதனின் வேறானது. ஓர் ஆவணத்தின் எல்லாப் படிகளையும் வரிசை மாறாமல் வைத்திருப்பது அதன் தலையாய பணி. நேற்று இருந்த படி, இன்று இருக்கும் படி, இடையில் மாற்றியவர் யார் என்பது தெரியும். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றவர் கை வைக்காதபடி பூட்டலாம். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என வரையறுக்கலாம். எங்கள் போன்றோர்க்கு இது சிறிய செய்தி அன்று. குத்தகைக் கணக்கில் கடன் இருக்கும், வழக்கு இருக்கும், இன்னார் நிலத்தை இன்னார் எழுதி வாங்கிய கதை இருக்கும். ஏட்டைக் கொடுத்த வீட்டார் அதை ஊருக்கெல்லாம் காட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஷேர்பாயிண்ட், கட்டற்ற வகையில் அல்பிரெஸ்கோ, நூலகங்களுக்கென்றே எழுந்த டிஸ்பேஸ் முதலியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்காசியை அடுத்த சிற்றூரிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் பிழைப்பதிவுக்கு ஒன்றும் ஆவணத்திற்கு மற்றொன்றுமாகத் தனித்தனியே விற்று வந்திருக்கிறது. விற்பவர்களே இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் வேலையைச் செய்து கொள்ளலாகாதா என்று கேட்பீர்கள். செய்து பார்த்தவர்கள் பலர். பிழைப்பதிவில் ஆவணங்களை இணைப்பாக ஒட்டிக்கொண்டே போனால், ஆறு திங்களில் 'இறுதி', 'இறுதியிலும் இறுதி', 'இதுவே சரி' என்னும் பெயர்களோடு ஐந்து படிகள் ஐந்து பதிவுகளில் தொங்கும். எது நடப்பில் உள்ளது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆவணப் பெட்டகத்தில் 'பிழைப் பட்டியல்' என்று ஒரு தாளை வைத்தாலோ, பட்டியல் பத்திரமாக இருக்கும். பிழைகளும் பத்திரமாக இருக்கும்.

இந்த இரண்டாவது கேட்டினை நான் என் வாழ்விலேயே கண்டவன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாவிட்டால் பொருள் விளங்காது. முப்பது ஆண்டுகளுக்கு முன், காவிரிப் படுகையில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்துகொண்டே அலுவலக ஏடுகளையும் பார்த்து வந்தேன். குறுவை அறுவடை முடிந்த சமயம், குத்தகை விவசாயி ஒருவர் பிறப்புச் சான்றின் படியோடு வந்தார். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் மகளின் பிறந்த ஆண்டு ஒன்று தள்ளி எழுதப்பட்டிருந்தது. மேலலுவலக ஆணை பெற்றே அதைத் திருத்த இயலும். மனுவை வாங்கினேன். சான்றின் படியைச் சேர்த்து, குறிப்பு எழுதி, கோப்பில் கோத்து, மேலுறையில் மாணவியின் பெயரை முத்து முத்தாக எழுதி அலமாரியில் வைத்தேன். அனுப்ப வேண்டிய பதிவேட்டில் ஏற்றவில்லை. தேர்வுக் காலம் வந்தது, மறந்துவிட்டேன்.

ஈராண்டு கழித்து அப்பெண் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். ஏட்டின்படி வயது போதவில்லை. தந்தை ஓடி வந்தார். கோப்பைத் தேடினேன், அரை நிமிடத்தில் கைக்கு வந்தது. மனு, சான்று, என் குறிப்பு எல்லாம் ஒரு தாள் குறையாமல் இருந்தன. ஆவணக் காப்பு என்னும் வகையில் அதற்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். திருத்த ஆணை வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு சம்பாவில் வெள்ளம் புகுந்து அக்குடும்பம் நொடித்தது. பெண்ணை மணம் செய்து கொடுத்துவிட்டார்கள். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "பரவாயில்லை சார், பொறுமையாகச் செய்யுங்கள்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். காணாமற் போனது தாள் அன்று. அந்த வேலை முடியவில்லை என்னும் அறிவே காணாமற் போயிற்று. பெட்டகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்த அறிவைத் தராது. அதைத் தருவது வெற்றுக் கட்டம் உள்ள பதிவேடு ஒன்றே.

இவ்வளவு பட்டறிந்த நான், எங்கள் குழுவுக்கும் பதிவேட்டையே பரிந்துரைத்திருப்பேன் என்று எண்ணுவீர்கள். இல்லை. பதிவறை நண்பரின் பக்கமே சாய்ந்தேன். எங்கள் கையில் இருந்தவை செல்லரிக்கும் ஏடுகள். முதலில் அவற்றைக் காப்போம், பிழை பார்ப்பது பிறகு என்று தோன்றியது. ஆகவே படங்களுக்கும் எழுத்துப்படிகளுக்குமாக ஓர் ஆவணப் பெட்டகத்தை அமைத்தோம். பிழைகளைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டோம், சந்திக்கும்போது பேசிக்கொண்டோம். ஓராண்டு நன்றாகவே நடந்தது.

அதன் பின் ஒருநாள், பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். ஏடு கொடுத்த குடும்பத்தார் எங்கள் எழுத்துப்படியில் ஒரு பகுதியைத் தம் உறவினர்க்குப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது கைமாறி அவரிடம் வந்துவிட்டது. அதில் அவருடைய தாத்தா குத்தகையாளர். அளக்க வேண்டியது 9 கலம், அளந்தது 1 கலம், பாக்கி 8 கலம் என்று எங்கள் எழுத்துப்படி கூறியது. கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். எட்டுக் கலம் பாக்கி என்பது அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் மானம். "எங்கள் தாத்தா யாருக்கும் பாக்கி வைத்தவர் இல்லை, சார்" என்றார். குரல் நடுங்கிற்று.

மூலப்படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். தமிழ் எண்களில் ஒன்று என்பது ககரம் போன்றது. ஒன்பது என்பது கூ என்னும் எழுத்தைப் போன்றது. இரண்டிற்கும் வேறுபாடு அந்த வளைந்த வால் ஒன்றே. மை மங்கி வால் மறைந்து, ௯ என்பது ௧ ஆகத் தோன்றியிருந்தது. 'பாக்கி 8' என்பது ஏட்டிலேயே இல்லை. எழுத்துப்படி செய்தவர் தாமாகக் கழித்துப் பார்த்து, துணை புரிவதாக எண்ணி எழுதிய வரி அது. பெரியவர் ஒன்பதும் அளந்திருக்கிறார்.

உடனே திருத்தினோம். பெட்டகம் புதிய படியை ஏற்றுக்கொண்டது, பழைய படியையும் வைத்துக்கொண்டது. அந்த அளவில் அது தன் கடமையைச் செய்தது. ஆனால் பொறியாளத் தம்பி கேட்ட ஒரு கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. "இந்த ஏட்டில் ஒன்பதை ஒன்று என்று படித்தவர், மற்ற ஏடுகளில் எப்படிப் படித்தார்?" என்றார். தேடினோம். இருபத்திரண்டு இடங்களில் அதே பிழை இருந்தது. இன்னும் வியப்பு, அவற்றில் மூன்றை வெவ்வேறு உறுப்பினர்கள் வெவ்வேறு நாளில் தாமே கண்டு திருத்தியும் இருக்கிறார்கள், ஒருவர்க்கொருவர் சொல்லவில்லை. மூன்றாம் ஆளுக்கு மூன்றாம் முறை அது புதிய பிழையாகவே இருந்தது.

அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. பிழை இரண்டு வகை. ஒன்று ஏட்டில் இருக்கும் பிழை. அந்தப் பக்கத்தைத் திருத்தினால் தீர்ந்தது. மற்றொன்று வழக்கத்தில் இருக்கும் பிழை. அது ஒருவர் கண்ணிலோ கையிலோ கருவியிலோ குடியிருந்துகொண்டு பக்கம் பக்கமாக முட்டையிடும். முதல் வகைக்கு ஆவணமே போதும். அதன் நெற்றியில் நிலையை எழுதிவிடலாம். இரண்டாம் வகைக்கு எந்த ஓர் ஆவணமும் வீடன்று. அதற்குத் தனி எண்ணும் தனிப் பதிவும் வேண்டும்.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு விக்கிமூலம் என்னும் இணைய நூலகம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மின்படிகளை, 2015, 2016ஆம் ஆண்டுகளில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகத் தமிழ் விக்கிமூலம் பெற்றது. எழுத்துணரி என்னும் மென்பொருள் அந்தப் படங்களைப் படித்து எழுத்தாக்கிற்று. அதன் பிழைகளை அன்பர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்துத் திருத்தி வருகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு நிறம்: மெய்ப்பு பாராதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை, சிக்கல் உள்ளது ஊதா, எழுத்தே இல்லாத பக்கம் சாம்பல். மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க மென்பொருள் விடாது; வேறொருவர் வந்தாக வேண்டும். இங்கே ஆவணமும் பிழை நிலையும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. தனிப் பதிவேடு வேண்டியதில்லை.

ஆனால் அங்கும் இரண்டாம் வகைப் பிழை உண்டு. பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்று போலத் தோன்றும். எழுத்துணரி ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது மாறிய 13 எழுத்துகளில் னை, லை, ணை முதலியன பழைய நூல்களில் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். அவற்றிலும் தடுமாற்றம் உண்டு. இவற்றை ஒவ்வொரு பக்கத்திலும் கையால் திருத்துவது கடலைக் கொட்டாங்கச்சியால் இறைப்பது போன்றது. இன்னும் மென்பொருளிலேயே உள்ள கோளாறுகளுக்கு விக்கிமீடியா நிறுவனம் தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. 2014 வரையில் பக்சில்லாவில் இருந்த அது, அவ்வாண்டு பேப்ரிக்கேட்டர் என்னும் மென்பொருளுக்கு மாறியது. பக்கத்துப் பிழை பக்கத்தில், வழக்கத்துப் பிழை பதிவேட்டில் என்னும் பிரிவு அங்கே தானாகவே அமைந்திருக்கிறது.

மென்பொருள் எழுதுவோர் இவ்விரண்டையும் இணைக்கும் வழியும் எளிது. அவர்கள் தம் நிரல்களின் எல்லாப் படிகளையும் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் போன்ற ஒன்றில் வைக்கிறார்கள். பிழைகளை வேறொன்றில் வைக்கிறார்கள். நிரலை மாற்றும்போது மாற்றத்தின் குறிப்பில் பிழையின் எண்ணை எழுதிவிடுகிறார்கள். அந்த ஓர் எண்ணே பாலம். நம் அலுவலகக் கடிதத்தின் தலையில் ந.க. எண் எழுதுகிறோமே, அதே சூழ்ச்சிதான்.

ஆதலால், உங்கள் அலுவலகத்திலோ சங்கத்திலோ பள்ளியிலோ இத்தகைய தெரிவு நேர்ந்தால், விற்பவர் காட்டும் வசதிப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, சென்ற ஓராண்டில் உங்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எங்கே வைத்தோம்?", "எது சரியான படி?", "இதை யார் பார்த்தார்?" என்னும் கேள்விகள் மிகுந்திருந்தால் பெட்டகம் வாங்குக. "யார் செய்வதாகச் சொன்னார்?", "இது இன்னுமா முடியவில்லை?", "இதை முன்பே திருத்தினோமே!" என்பவை மிகுந்திருந்தால் பதிவேடு வாங்குக. இரண்டும் சமமாக இருக்கும் குழுக்கள் உண்டு. அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு எண்ணால் பிணைக்க வேண்டியவர்களே. மூன்று பேர் மட்டும் உள்ள குழுவுக்கு இவை எதுவும் வேண்டா. ஒரு நோட்டுப்புத்தகம் போதும். மென்பொருளில் பதிய மறந்துவிடும் குழுவை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது. வாரம் ஒருநாள் பதிவேட்டைப் புரட்டும் ஓர் ஆளே உதவுவார்.

எங்கள் குழு இரண்டாவது முறை கூடி, ரெட்மைன் என்னும் மென்பொருளைத் தேர்ந்துகொண்டது. அதில் பிழைப்பதிவும் உண்டு, விக்கிப் பக்கங்களும் உண்டு. எழுத்துப்படிகளை விக்கிப் பக்கங்களாக வைத்தோம். பழைய படிகள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. ஆவணங்களுக்கென அதில் ஒரு பகுதி இருப்பினும், பெரிய படக்குவியலை வைத்துக் காக்க அது ஏற்றதன்று. ஆகையால் மூலப்படங்கள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கின்றன. படத்தின் எண்ணும் எழுத்துப்படியின் எண்ணும் ஒன்றே. பதிவறை நண்பர் வைத்த நிபந்தனை அது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பதிவேட்டைத் திறந்து, வெறுமையான கட்டங்களை உரக்கப் படிப்பது என் வேலை. விக்கிமூலத்தாரிடமிருந்து ஒரு விதியையும் எடுத்துக்கொண்டோம்: திருத்தியவர் தாமே தம் திருத்தத்தை மூடக்கூடாது. இயன்றவரையில் பிழையைக் கண்டு சொன்னவரே பார்த்து மூட வேண்டும்.

அவ்விளைஞர் சொன்ன பிழை பதினேழாம் எண்ணாகப் பதிவாயிற்று. தலைப்பு: 'ஒன்பதின் வால்'. இருபத்திரண்டு இடங்களையும் இருவர் தனித்தனியே மூலத்தோடு ஒப்பிட்டார்கள். நாமாகக் கணக்குப் போட்டு ஒரு வரியும் சேர்க்கலாகாது என்னும் குறிப்பும் அதன் கீழ் ஏறியது. முன்பு படி வாங்கிச் சென்ற குடும்பத்தார்க்குத் திருத்திய படியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்கி வந்தோம். அது முடிய இரண்டு திங்கள் ஆயிற்று. அதுவரையில் பதினேழைத் திறந்தே வைத்திருந்தோம்.

பின்னர் அவரை அழைத்தோம். தாத்தாவின் பெயர் உள்ள படத்தைத் திரையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அந்த மங்கிய வாலைத் தொட்டுப் பார்த்தார். "மூடிவிடலாம், சார்" என்றார். எங்கே அழுத்துவது என்று தம்பி காட்ட, அவரே மூடினார்.

பதினெட்டாம் எண் இன்னும் திறந்திருக்கிறது. ஏட்டின் தலையில் இட்ட பிள்ளையார் சுழியை எங்களுள் ஒருவர் இரண்டு என்னும் எண்ணாகப் படித்து, பல பக்கங்களின் கூட்டுத்தொகையில் இரண்டு கலம் நெல்லைச் சேர்த்துவிட்டார். அவர் வேறு யாருமல்லர். இப்பொழுது உங்களிடம் பேசிக்கொண்டிருப்பவர்தான்.